லாம்டா வர்க்கமே வராத கணக்கில் சூப்பர்சிமெட்ரிக்கு என்ன வேலை?

ஆறாங்கட்டை | 3 மார்ச் 2025, இரவு 9.12

சுங்கை சிப்புட் கூட்டத்தில் பலகையில் பாதியில் அழித்ததை இங்கே முழுசாகப் போடுகிறேன். ஹிக்ஸ் நிறையின் வர்க்கத்துக்கு டாப் குவார்க் லூப் (நடுவே தோன்றி மறையும் துகள் தரும் குவாண்டம் பங்கு) தரும் திருத்தம்: −(3 × ஒய்-டாப் வர்க்கம் ÷ 8 பை வர்க்கம்) × லாம்டா வர்க்கம். ஒய்-டாப் என்பது டாப் ஹிக்ஸோடு ஒட்டும் வலு, லாம்டா என்பது கணக்கை வெட்டி நிறுத்தும் உச்ச ஆற்றல். இதை அடிக்கத்தான் ஸ்டாப் (டாப்பின் இணைத்துகள்) வேண்டும், அதற்காகவே சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் தரும் சமச்சீர்) என்று எல்லாப் பாடப்புத்தகமும் தொடங்குகிறது. அதே லூப்பைப் பரிமாண ரெகுலரைசேஷனில் (பரிமாணத்தை 4-இலிருந்து சற்றே விலக்கி முடிவிலியை அடக்கும் முறை) போட்டால் லாம்டாவும் இல்லை, அதன் வர்க்கமும் இல்லை. 1/எப்சிலான் மட்டும்தான் நிற்கிறது, எப்சிலான் அந்த விலகலில் பாதி. இல்லாத காய்ச்சலுக்கு ஏன் கஷாயம்?

மெட்ரோலாக் | 3 மார்ச், இரவு 10.40

பாதி சரி. அந்தப் பாதி முக்கியமானது என்பதால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன். லாம்டா வர்க்கத்தின் முன்னால் நிற்கும் எண்ணுக்கு இயற்கையில் பொருள் கிடையாது. வெட்டும் விதத்தை மாற்றினால் அது மாறும். பரிமாண ரெகுலரைசேஷனில் அந்த வர்க்க விரிவு டி (பரிமாண எண்) = 2 இடத்தில் ஒரு துருவமாக உட்கார்ந்திருக்கிறது. நாம் டி = 4 பக்கத்தில் மட்டும் பார்ப்பதால் கண்ணில் படுவதில்லை. எதுவும் எதையும் அடித்துக்கொள்ளவில்லை, பார்க்கிற இடம் வேறு, அவ்வளவுதான்.

மற்றப் பாதி. ஹிக்ஸோடு லாம்டா-எஸ் என்ற இணைப்பில் ஒட்டியிருக்கும் ஒரு கனமான ஸ்கேலார், நிறை எம். வெட்டு முறையில் அதன் லூப் தருவது:

(லாம்டா-எஸ் ÷ 16 பை வர்க்கம்) × [லாம்டா வர்க்கம் − 2 × எம் வர்க்கம் × மடக்கை(லாம்டா ÷ எம்)]

முதல் உறுப்பைப் பரிமாண முறை விழுங்கும். இரண்டாவதை விழுங்காது. எம் = 10^16 ஜிஇவி (ஆற்றல் அலகு, 1000 ஜிஇவி = 1 டிஇவி), இணைப்பு 0.1 என்று வை. முன்னெண் 0.1 ÷ 158, சுமார் 0.0006. அதை 2 × 10^32 ஆல் பெருக்கினால் 10^29 ஜிஇவி வர்க்கம். ஹிக்ஸுக்கு வேண்டியது 125-இன் வர்க்கம், 10^4 சொச்சம். 25 இலக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இதுதான். மேலே கனமான துகள் எதுவுமே இல்லை என்று நீ பந்தயம் கட்டினால் (ஈர்ப்பையும் ஒதுக்கிவிட்டு) உன் கேள்வி முழுசாக நிற்கும். சிலர் அப்படியே வாதிடுகிறார்கள், அது அபத்தமான நிலைப்பாடு இல்லை.

செம்பனை | 4 மார்ச், காலை 7.05

ஆக, தராசை மாற்றினால் குலை இளைக்காது.

மெட்ரோலாக் | 4 மார்ச், இரவு 8.30

ஒரு எண்ணும் சேர்த்துவிடுகிறேன். ஸ்டாப் இரண்டும் 2 டிஇவி என்றால் ஹிக்ஸ் நிறை உறுப்புக்கு வரும் திருத்தம், முதன்மை மடக்கை அளவில்:

(3 × ஒய்-டாப் வர்க்கம் ÷ 8 பை வர்க்கம்) × (4 + 4 டிஇவி வர்க்கம்) × மடக்கை(10^16 ÷ 2000)

ஒய்-டாப்பை 1 என்று வைத்தால் 0.038 × 8 × 29 = 8.8 டிஇவி வர்க்கம். ஒப்பிட வேண்டியது 125 வர்க்கத்தில் பாதி, 0.0078 டிஇவி வர்க்கம். ஆயிரத்தில் ஒன்று என்ற நுண்பொருத்தம். இந்தக் கணக்கில் லாம்டா வர்க்கம் எங்குமே இல்லை, கவனி.

கிராணி | 4 மார்ச், இரவு 9.55

ஒய்-டாப் 10^16 வரை 1-ஆகவே நிற்காது. மேலே போகப் போக இறங்கும், உச்சியில் ஏறக்குறைய பாதி. வர்க்கம் கால்வாசி. ஒரே மதிப்பை 29 மடக்கைக்கும் போட்டது தாராளம். அதோடு குளுவினோ (குளுவானின் இணைத்துகள்) இரண்டாம் சுற்றில் ஸ்டாப் நிறையையே தள்ளும், அது எதிர்ப்பக்கம். ஆயிரத்தில் ஒன்று என்பதைச் "சில நூறில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை" என்று படிக்கவும்.

மெட்ரோலாக் | 4 மார்ச், இரவு 10.10

சரி சார். திருத்தமாக எடுத்துக்கொள்கிறேன், மேலே எழுதியதை அழிக்கவில்லை.

ஆறாங்கட்டை | 7 மார்ச், மாலை 6.48

அண்ணே, அடுத்தது. குளுவினோவின் துருவ நிறைக்கு (அளக்கக்கூடிய நிறை) ஒரு சின்ன நிரல் எழுதினேன். உள்ளே 2000 ஜிஇவி போட்டால் வேறொரு நிரலோடு 40 ஜிஇவி இடிக்கிறது. லூப் தொகையீடு இரண்டிலும் ஒன்றே. ஸ்குவார்க் (குவார்க்கின் இணைத்துகள்) பங்கை இரண்டிலும் நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன்.

மெட்ரோலாக் | 7 மார்ச், இரவு 9.20

துருவ நிறைச் சூத்திரத்தின் அடைப்புக்குள் 12 போட்டாயா, 15 போட்டாயா?

ஆறாங்கட்டை | 7 மார்ச், இரவு 9.24

12. குவார்க்குக்கு 4 × சி-எஃப் வருகிறதே, அதையே பார்த்து 4 × சி-ஏ (சி-எஃப், சி-ஏ: குவார்க்குக்கும் குளுவினோவுக்கும் உரிய வண்ண எண்கள்).

மெட்ரோலாக் | 8 மார்ச், மாலை 4.15

அங்கேதான் வழுக்கியிருக்கிறாய். பெரட்டில் (தோட்டத்துக் காலை ஆள் கணக்கில்) ஆள் எண்ணுவது போல எண்ணிப் பார்.

நான்கு பரிமாணத்தில் குளுவானுக்கு இரண்டு நிலை, குளுவினோவுக்கு இரண்டு நிலை. சூப்பர்சிமெட்ரி நிற்பதே இந்தச் சமத்தில்தான். பரிமாண ரெகுலரைசேஷன், அதாவது ஹூஃப்ட்டும் வெல்ட்மனும் 1972-இல் கொடுத்த முறை, எல்லாவற்றையும் டி = 4 − 2 எப்சிலான் பரிமாணத்துக்கு இழுக்கிறது. குளுவானுக்கு டி − 2 = 2 − 2 எப்சிலான் நிலை. குளுவினோவின் ஸ்பினரை நாம் நறுக்குவதில்லை, அது 2-ஆகவே நிற்கிறது. பெரட்டில் 2 எப்சிலான் ஆள் குறைவு. எப்சிலான் சுழி ஆகப்போகிறதே, போனால் போகட்டும் என்று விட முடியாது. லூப்பில் 1/எப்சிலான் காத்திருக்கிறது. 2 எப்சிலான் × 1/எப்சிலான் = 2. முடிவுள்ள எண், காணாமல் போகாது.

சீகல் 1979-இல் சொன்ன பரிமாணக் குறைப்பு: உந்தத்தை மட்டும் டி பரிமாணத்துக்கு இறக்கு, குளுவான் புலத்தின் நான்கு கூறையும் தொடாதே. டி கூறு கேஜ் புலமாக நடக்கும், மிச்சம் 2 எப்சிலான் கூறு ஸ்கேலாராக நடக்கும். அவற்றுக்கு எப்சிலான்-ஸ்கேலார் என்று பெயர். ஆள் கணக்கு நேராகிவிடும். முதல் முறையில் துருவத்தைக் கழித்தால் எம்எஸ்-பார், இரண்டாவதில் கழித்தால் டிஆர்-பார்.

குவார்க் தன்-ஆற்றலைக் கையால் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும், ஒரு பக்கத் தாள் போதும். ஃபெய்ன்மன் கேஜ். இரண்டு காமா-மியூவுக்கு நடுவில் கே-ஸ்லாஷ் இருந்தால் −(டி − 2) கே-ஸ்லாஷ், நடுவில் எதுவும் இல்லையென்றால் டி. ஆகத் தொகுதி (எம் இங்கே குவார்க் நிறை, எக்ஸ் தொகையீட்டு மாறி, பி-ஸ்லாஷ் காமாவோடு சேர்ந்த குவார்க் உந்தம்): டி × எம் − (டி − 2) × எக்ஸ் × பி-ஸ்லாஷ். பரிமாணக் குறைப்பில் இந்த எண்கள் 4, 2 என்று உறைந்துவிடும். பரிமாண ரெகுலரைசேஷனில் 4 − 2 எப்சிலான், 2 − 2 எப்சிலான். வித்தியாசத்தை 1/எப்சிலானோடு பெருக்கு: நிறை உறுப்பில் −2 எம், பி-ஸ்லாஷ் உறுப்பில் +2 எக்ஸ், அதை 0 முதல் 1 வரை தொகுத்தால் +1. பி-ஸ்லாஷ் = எம் என்று வைத்தால் −2 + 1 = −1. முழு வித்தியாசமும் இந்த ஒரு மைனஸ் ஒன்றுதான்.

துருவ நிறை ÷ உள்ளே போடும் நிறை, அளவுகோல் = நிறை என்று வைத்தால் (ஆல்ஃபா-எஸ் என்பது வலுவிசையின் இணைப்பு வலு):
டிஆர்-பார்: 1 + 5 × சி-எஃப் × ஆல்ஃபா-எஸ் ÷ (4 பை)
எம்எஸ்-பார்: 1 + 4 × சி-எஃப் × ஆல்ஃபா-எஸ் ÷ (4 பை)

குளுவினோவுக்கு சி-எஃப் இடத்தில் சி-ஏ = 3. ஆக டிஆர்-பாரில் 15, எம்எஸ்-பாரில் 12. 2 டிஇவியில் ஆல்ஃபா-எஸ் சுமார் 0.083. 3 × 0.083 ÷ 12.57 = 2 சதவீதம். 2000-இல் 40 ஜிஇவி. உன் 40 அதுதான். உள்ளே போட்ட 2000 டிஆர்-பார் எண், அடைப்பு எம்எஸ்-பார் அடைப்பு. ஏதாவது ஒன்றை மாற்று.

செம்பனை | 8 மார்ச், மாலை 5.02

2 எப்சிலான் ஆள் வேலைக்கு வரவில்லை, கங்காணி 40 ஜிஇவி சம்பளத்தில் பிடித்துவிட்டார்.

ஆறாங்கட்டை | 8 மார்ச், இரவு 11.31

15 போட்டதும் ஒட்டிக்கொண்டது. ஆனால் இரண்டு எண்ணில் எது உண்மையான நிறை?

மெட்ரோலாக் | 9 மார்ச், காலை 8.10

ரப்பர் பால் ஸ்டோரை நினைத்துப் பார். ஒரே வாளிப் பால். பாலை அளக்கும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டால் உலர் ரப்பர் ஒரு எண் காட்டும். மாதிரியை ஆசிட் விட்டுக் கட்டியாக்கி, அழுத்தி, உலர்த்தி நிறுத்தால் இன்னொரு எண். நடுவே மாற்று அட்டவணை. ரப்பர் மாறவில்லை.

கிராணி | 9 மார்ச், காலை 9.47

உவமை சறுக்குகிறது. உலர்த்தி நிறுத்தது அசல், மெட்ரோலாக் தோராயம். தண்ணீர் கலந்தால் மெட்ரோலாக் ஏமாறும், அடுப்பு ஏமாறாது. இங்கே எம்எஸ்-பாரும் அசல் இல்லை, டிஆர்-பாரும் அசல் இல்லை. இரண்டுமே மெட்ரோலாக். அடுப்பின் இடத்தில் இருப்பது துருவ நிறையும் சிதறல் பரப்பும்.

மெட்ரோலாக் | 9 மார்ச், காலை 10.02

ஒப்புக்கொள்கிறேன். பெயரை வைத்துக்கொண்டு அடிவாங்குவது என் தலைவிதி.

மெட்ரோலாக் | 11 மார்ச், இரவு 9.30

மாற்று எண்களை ஒரே இடத்தில் கேட்டிருந்தார்கள். ஒரு லூப் அளவில், குறி மாறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஜ் இணைப்பு டிஆர்-பாரில் பெரியது. தலைகீழ் இணைப்பில் எழுதினால் சுலபம்: 1/ஆல்ஃபா (டிஆர்-பார்) = 1/ஆல்ஃபா (எம்எஸ்-பார்) − சி-ஏ ÷ (12 பை). வலுவிசைக்குக் கழிப்பது 0.080, மென்விசைக்கு 0.053, ஹைப்பர்சார்ஜுக்கு எதுவும் இல்லை. இசட் நிறையில் 0.118 என்றால் 0.1191 ஆகும்.

குவார்க் நிறை டிஆர்-பாரில் சிறியது: 1 − ஆல்ஃபா-எஸ் ÷ (3 பை). பாட்டம் குவார்க்குக்கு 4.18 ஜிஇவியில், ஆல்ஃபா-எஸ் 0.22 என்று வைத்தால், 100 எம்இவி குறையும். டான்-பீட்டா (இரண்டு ஹிக்ஸ் புலங்களின் மதிப்பு விகிதம்) பெரிதாக இருக்கும்போது இதை மறந்தால் பாட்டம் யுகாவா (ஹிக்ஸோடு ஒட்டும் இணைப்பு) நேராகத் தவறும்.

குளுவினோ நிறையும் சிறியது: எம்எஸ்-பார் எண்ணிலிருந்து ஆல்ஃபா-எஸ் × 3 ÷ (4 பை) பங்கு குறை.

பலர் தவறவிடுவது இன்னொன்று. குவார்க்-ஸ்குவார்க்-குளுவினோ இணைப்பும் கேஜ் இணைப்பும் ஒன்றே என்பது சூப்பர்சிமெட்ரியின் கட்டளை. எம்எஸ்-பாரில் அந்தச் சமம் உடையும்: யுகாவா பக்கம் = கேஜ் பக்கம் × (1 + ஆல்ஃபா-எஸ் ÷ (3 பை)). அதைக் கையால் சேர்க்காமல் எம்எஸ்-பாரில் ஸ்குவார்க் உற்பத்தியைப் போட்டால் வரும் விடை சூப்பர்சிமெட்ரிக் கோட்பாட்டின் விடையே அல்ல. வேறு ஏதோ ஒரு கோட்பாட்டின் விடை. நிரல் புகார் சொல்லாது, எண் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆறாங்கட்டை | 12 மார்ச், இரவு 8.05

0.118-ஐ 0.1191 ஆக்கினேன். பிறகு கனத் துகள்களைச் சேர்க்கும் வாசல் சூத்திரம்: ஆல்ஃபா-எஸ் ÷ (1 − டெல்டா). டெல்டா = (ஆல்ஃபா-எஸ் ÷ 2 பை) × [1/2 − (2/3) மடக்கை(டாப் ÷ இசட்) − 2 மடக்கை(குளுவினோ ÷ இசட்) − (1/6) ஸ்குவார்க் 12-க்கும் மடக்கைத் தொகை]. அந்தத் தொடக்க 1/2 எந்தத் துகளுக்கு?

மெட்ரோலாக் | 12 மார்ச், இரவு 8.50

எந்தத் துகளுக்கும் இல்லை. அதுவே எம்எஸ்-பாரிலிருந்து டிஆர்-பார் மாற்றம். (ஆல்ஃபா ÷ 2 பை) × 1/2 = ஆல்ஃபா ÷ (4 பை). நீ முதலிலேயே 0.1191 ஆக்கிவிட்டாய், பிறகு 1/2-ஐயும் உள்ளே வைத்திருந்தால் இரண்டு தடவை மாற்றியதாகும். 0.118-ஐ அப்படியே போடு.

இதில் ஒரு வேடிக்கை. டாப் 173, இசட் 91.19. மடக்கை 0.640, மூன்றில் இரண்டு பங்கு 0.427. முன்னால் 0.5. கழித்தால் மிச்சம் 0.07. டாப் வாசலையும் திட்ட மாற்றத்தையும் சேர்த்தே மறந்தவன் விடை ஏறக்குறைய சரியாக வரும். ஒன்றை மட்டும் மறந்தவன்தான் மாட்டுவான்.

எல்லாம் 2 டிஇவியில் இருந்தால்: மடக்கை 3.09. குளுவினோ −6.18, ஸ்குவார்க் −6.18. அடைப்பு −12.3, டெல்டா −0.23. ஆக ஆல்ஃபா-எஸ் = 0.118 ÷ 1.23 = 0.096. இசட் நிறையில் முழுச் சூப்பர்சிமெட்ரிக் கோட்பாட்டின் இணைப்பு அது, சோதனைக்கூடத்தில் அளக்கும் எண் அல்ல. இரண்டையும் ஒரே மாறிப் பெயரில் வைக்காதே.

செம்பனை | 13 மார்ச், காலை 6.58

இந்தப் பரிமாணக் குறைப்பில் ஏதோ ஓட்டை என்று கேள்விப்பட்டேனே?

கிராணி | 13 மார்ச், இரவு 9.15

ஓட்டையைக் கண்டுபிடித்தவரும் சீகலேதான். 1979-இல் முறை, 1980-இல் அது முரண்படுகிறது என்று அடுத்த கட்டுரை. இரண்டின் தலைப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் சிரிப்பு வரும். விஷயம் இது: டி பரிமாண வெளி நான்கு பரிமாண வெளிக்குள் அடங்க வேண்டும், கூடவே நான்கு குறியீட்டு லெவி-சிவிட்டா டென்சரின் சமன்பாடுகளும் பிசகாமல் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பின்ன டி-யில் சுழி அல்லாத ஒன்று சுழிக்குச் சமம் என்று வந்து முடியும்.

2005-இல் ஸ்டோக்கிங்கர் வழி கண்டார். அந்த "நான்கு" உண்மையான நான்கு இல்லை, அளவை டென்சரின் சுவடு 4 தரும் ஒரு முடிவிலாப் பரிமாண வெளி. முரண்பாடு போய்விட்டது. விலையாக, ஸ்பினர்களை வரிசை மாற்ற உதவும் ஃபியர்ஸ் சமன்பாடுகளைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவை அசல் நான்கு பரிமாணத்தில் மட்டுமே உண்மை. சூப்பர்சிமெட்ரி நிற்கிறது என்பதற்குப் பல நிரூபணத்தில் ஃபியர்ஸ்தான் அச்சாணி. ஆகவே டிஆர்-பார் எல்லா வரிசையிலும் சூப்பர்சிமெட்ரியைக் காக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சமச்சீர் நிற்கிறதா என்று காட்டும் ஸ்லாவ்னோவ்-டெய்லர் சமன்பாட்டை வைத்து வரிசை வரிசையாகச் சோதிக்க வேண்டும். வழக்கமாகத் தேவைப்படும் ஒரு லூப், இரண்டு லூப் இடங்களில் சோதித்தாயிற்று. ஹிக்ஸ் நிறையின் மூன்று லூப் வலுவிசைப் பகுதிக்கும் 2018-இல் பார்த்துவிட்டார்கள்.

மெட்ரோலாக் | 13 மார்ச், இரவு 10.20

கூடவே ஒரு எச்சரிக்கை. சூப்பர்சிமெட்ரி இல்லாத கோட்பாட்டில் பரிமாணக் குறைப்பைப் போட்டால் எப்சிலான்-ஸ்கேலாருக்குத் தனி இணைப்பு முளைக்கும். ஒரு அளவுகோலில் ஆல்ஃபா-எஸ்ஸுக்குச் சமம் என்று வைத்தாலும் அடுத்த அளவுகோலில் பிரிந்து நடக்கும், அதன் பீட்டா சார்பு (அளவுகோலோடு மாறும் வேகம்) வேறு. சாதா வலுவிசைக் கோட்பாட்டில் சமமாகவே வைத்துக்கொண்டு மேல் லூப்புக்குப் போனால் தவறு. மென்மை உடைவு (இணைத்துகள்களுக்குத் தனி நிறை தரும் சூப்பர்சிமெட்ரி உடைவு) இருக்கும் கோட்பாட்டில் எப்சிலான்-ஸ்கேலாருக்கு நிறையும் முளைக்கும். அது ஸ்குவார்க் நிறையின் ஓட்டத்தில் கலந்து தொல்லை தரும். 1994-இல் வந்த டிஆர்-பார்-ப்ரைம் திட்டம் அந்த நிறையை வரையறையிலேயே உறிஞ்சிவிடுகிறது. நிரலின் கையேட்டில் ப்ரைம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணை எடுக்கவும்.

ஆறாங்கட்டை | 15 மார்ச், மாலை 3.40

லாட்டிஸில் (வெளியைக் கட்டங்களாக நறுக்கிக் கணிக்கும் முறை) போட்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லையே? அங்கே பரிமாணம் நான்குதான்.

கிராணி | 15 மார்ச், மாலை 5.11

பரிமாணம் நான்கு, ஆனால் நகர்வு போய்விடும். இரண்டு சூப்பர்சிமெட்ரி மாற்றத்தை அடுத்தடுத்துச் செய்தால் ஒரு நுண்ணிய இட நகர்வு வர வேண்டும். லாட்டிஸில் நுண்ணிய நகர்வு ஏது, கட்டம் கட்டமாகத் தாண்டத்தானே முடியும். வித்தியாசக் கெழுவுக்குப் பெருக்கல் விதியும் நிற்காது. ஸ்கேலார் இல்லாத தூய குளுவான்-குளுவினோ கோட்பாட்டில் மட்டும் தப்பிக்க இடம் உண்டு: குளுவினோ நிறை ஒன்றை மட்டும் சரிசெய்தால் தொடர் எல்லையில் சூப்பர்சிமெட்ரி தானாகத் திரும்பும் என்று குர்ச்சியும் வெனிசியானோவும் 1987-இல் காட்டினார்கள். ஸ்குவார்க் உள்ளே வந்தால் சரிசெய்ய வேண்டிய எண்கள் கை விரலைத் தாண்டும்.

மெட்ரோலாக் | 16 மார்ச், இரவு 9.05

யாரோ தனிச்செய்தியில் கேட்டது: மூன்று விசையும் ஒன்றுகூடும் கணக்கில் இந்த 0.080, 0.053 எல்லாம் எவ்வளவு உதைக்கும்? இசட் நிறையில் தலைகீழ் இணைப்புகள் (ஹைப்பர்சார்ஜ், மென்விசை, வலுவிசை வரிசையில்) 59.0, 29.6, 8.47. சரிவுகள் (ஆற்றலின் மடக்கையோடு அவை மாறும் வேகம்) 33/5, 1, −3. முதல் இரண்டும் சந்திக்கும் இடம்: (59.0 − 29.6) × 2 பை ÷ 5.6 = 33.0 மடக்கை, அதாவது 2 × 10^16 ஜிஇவி. அங்கே இரண்டும் 24.35, வலுவிசை 24.23. டிஆர்-பாரில் மாற்றிவிட்டுச் செய்தால் 24.29-உம் 24.17-உம். இடைவெளி 0.12, முன்பும் 0.12. உதைக்கவே இல்லை. இரண்டு லூப் திருத்தம் இதைவிடப் பெரிது.

கிராணி | 16 மார்ச், இரவு 9.40

8.47-ஐ இசட் நிறையிலிருந்தே −3 சரிவில் ஓட்டியிருக்கிறாய். ஸ்குவார்க்கும் குளுவினோவும் 91 ஜிஇவியில் இருப்பதாக அர்த்தம். நான்கு நாள் முன்னால் நீயே 2 டிஇவி போட்டு 0.096 எடுத்தாய், அதன் தலைகீழ் 10.4.

மெட்ரோலாக் | 17 மார்ச், காலை 7.20

ஆமாம் சார். மேலே போட்டது பலகைக் கணக்கு. 10.4 போடும்போது மற்ற இரண்டுக்கும் அதே மாதிரி வாசல் திருத்தம் போட வேண்டும், ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஒன்றுகூடல் உடைந்ததாகப் பொய்யாகத் தெரியும். திட்ட மாற்றம் சின்னது என்ற முடிவு மட்டும் மாறாது, ஏனென்றால் 0.080-ஐயும் 0.053-ஐயும் துகள் நிறைகள் தொடுவதில்லை.

ஆறாங்கட்டை | 19 மார்ச், இரவு 10.26

நிரலில் மூன்று மாறி வைத்துவிட்டேன்: அளந்த ஆல்ஃபா-எஸ், டிஆர்-பாரில் முழுக் கோட்பாட்டின் ஆல்ஃபா-எஸ், குளுவினோ யுகாவா. கடைசி இரண்டும் சமமாக இல்லாவிட்டால் நிரல் நின்றுவிடும். பழைய கோப்பு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், முதல் வரியிலேயே நின்றது.

மெட்ரோலாக் | 19 மார்ச், இரவு 10.33

அந்தக் கோப்பை அனுப்பு. 1/2 அதில் எத்தனை தடவை வருகிறது என்று முதலில் எண்ணுவோம்.